திங்கள், புதன், வெள்ளி

மரியதாஸ் கூலிமுக்கு ரத்தம் கழுவப் போகும் நாள்களில்
ஆடுகள் என் பொறுப்பு.
ஆறு பெரியவை, ஒரு குட்டி.
சம்பளம் கிடையாது. வாரம் ஒரு போத்தல் பால்,
அதுவும் பாரி உதைத்துக் கவிழ்க்காவிட்டால்.
ஜம்னாபாரி இனம், அதனால் பாரி.
கொடுப்பதில் மட்டும் பெயர் பொருந்தாது.

காலை ஏழரைக்கு ஃபேக்டரி பஸ்
பாடாங் செராய் சந்திப்பில் என்னை உதிர்த்துவிட்டுப் போகும்.
இரவெல்லாம் கையுறைகளுக்குள் காற்றடித்து
ஓட்டை பார்த்தவள் நான்.
ஐந்து விரலும் புடைத்து எழுந்து
எதையும் பிடிக்காமல்
புஸ்ஸென்று அடங்கும் கைகள்.
படுத்தால் இமைக்குள் வந்து ஆட்டுகின்றன.
அதனால் படுப்பதில்லை, நேரே பட்டிக்கு.

கம்பியை அவிழ்ப்பதற்குள்
பலகை இடுக்கில் மூக்கு நீளும்.
உள்ளங்கையில் மாவும் வியர்வையும் காய்ந்த உப்பு.
பாரி நக்குகிறாள்
விரல் விரலாக, இடுக்கு இடுக்காக,
ஓட்டை இருக்கிறதா என்று
என்னைச் சோதிப்பவள்போல.

செம்பனை நிரைக்குள் ஓட்டிப் போவேன்.
ஓட்டுவதாக நான் நினைத்துக்கொள்வேன்,
முன்னால் போவது அவைதான்.
குலை வெட்டும் ரஃபீக்
எட்டாத மட்டையைக் கொக்கியால் இழுத்துப் போடுவான்.
வங்காளத்தில் ஏதோ கூப்பிட்டால்
ஏழும் திரும்பும். நான் கூப்பிட்டால் ஒன்று.
அவன் ஊர் ஆட்டைக் கைபேசியில் காட்டினான்.
குட்டை, கறுப்பு, முறைப்பு.
எங்கள் கிராணிக்குச் சித்தப்பா மகன் என்றேன்.

கிராணி கடா.
தாள் எதைக் கண்டாலும் பார்வையிட வேண்டும்,
பார்வையிட்டதைத் தின்றுவிட வேண்டும்.
என் சம்பளச் சீட்டு இரண்டு மாதம் அவன் வயிற்றில்.

குட்டி என் மடியில் ஏறி
மூன்று சுற்றுச் சுற்றி, படுத்து,
யூனிஃபார்மிலேயே மூத்திரம் போகும்.
கால் மரத்துப்போகும்.
எழுந்திருக்க மாட்டேன்.

போன புதன், மோட்டாரில் ஒருவர்.
தாமான் பக்கம், பெயர் கமலநாதன்.
முனியாண்டி பூசைக்குக் கடா வேண்டுமாம்.
கிராணியின் முதுகெலும்பை
இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார்.
கிராணி அவர் கூடைக்குள் தலையை விட்டிருந்தான்.
"எவ்வளவு?"
மரியதாஸ் சொல்லிவைத்தது ஆயிரத்து நூறு.
பேரம் பேசினால் ஆயிரம்.
என் வாய் சொன்னது: "மூவாயிரம்."
என்னைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார்.
"ஏம்மா, தங்கப் பல்லா கட்டியிருக்கு?"
மோட்டார் போன பின்னும் புகை
பட்டியிலேயே நின்றது.

நான் ஒன்றும் புண்ணியவதி இல்லை.
போன தீபாவளிக்கு இதே பட்டியின் சின்னான்
பெரட்டலாக வந்தான்.
எலும்பைத் தட்டி உறிஞ்சியது நான்தான்.
சின்னானுக்கு என் உள்ளங்கை பழக்கமில்லை.
வித்தியாசம் அவ்வளவுதான்.

ரத்தம் கழுவ வேன் கூலி, போக வர, அறுபது வெள்ளி.
வாரம் மூன்று தடவை.
ஆயிரத்து நூறை அறுபதால் வகுத்துப் பார்த்தேன்.
பதினெட்டுச் சொச்சம் நாள்
கிராணியின் முதுகில் இருந்திருக்கிறது.
நான் தூக்கி எறிந்தது அதை.
திரும்ப வகுத்தேன். விடை மாறவில்லை.

இரண்டு மணிக்கு வேன் வந்தது.
முழங்கைப் பஞ்சை அமுக்கியபடி
மரியதாஸ் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.
ஆடுகள் சூழ்ந்தன. குட்டி பிளாஸ்டரை முகர்ந்தது.
"யாரும் வந்தாங்களா?"
"ஒருத்தரும் வரல."

கிராணி இன்னும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.
மரியதாஸ் எட்டி, தாடையைப் பிடித்து,
ஓரத்தில் தொங்கிய தாளை உருவினார்.
பாதி சம்மன். மீதிப் பாதி போய்விட்டது.
எச்சிலைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து,
வண்டி நம்பரை மெதுவாக வாசித்தார்.
"கெடா நம்பர்தான்," என்றார்.
"யாரோடது இது?"

பாரி என் கையைத் தேடி வந்தாள்.
இரண்டையும் கொடுத்துவிட்டேன்.